ஏழாம் சேனல்

மேடையின் இடப்பக்க இருட்டில் என் நாற்காலி.
கூட்டம் கேட்பது வேறு.
நாலு ஆண்களின் காதுக்குள்
எது போகலாம், எது போகக்கூடாது என்று
முப்பத்திரண்டு பொத்தான்களோடு முடிவு செய்கிறவள் நான்.
அதனால் தெரியும்:
எல்லாப் பாட்டும் ஒரு கட்டை இறங்கிவிட்டது.
ராய்ஸ் டாலிவரின் வலது காதில்
நாலாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் ஒன்றுமே இல்லை.
சிம்பல்கள் அவனுக்கு வெறும் பித்தளைத் தட்டுகள்,
ஆடுவது மட்டும் தெரியும்.

பிரையர் பெண்ட்.
பதினெட்டு வருடம் கழித்து அதே பெயர்.
சட்டனூகாவில் முதல் இரவு.
பாட்டு வரிசைத் தாளில் எழுத்துகள்
கண் டாக்டர் சுவரில் இருப்பதுபோல் அவ்வளவு பெரிசு.
அப்படியும் ராய்ஸ் நேரே மூன்றாம் பாட்டுக்குப் போய்விட்டான்.
மற்றவர்கள் இரண்டாவதில் இருந்தார்கள்.
கொஞ்ச நேரம் இரண்டும் ஒன்றாக ஓடின,
ஒரே தண்டவாளத்தில் இரண்டு சரக்கு வண்டி.
ஜனம் கைதட்டியது.
புது மெட்டு என்று நினைத்திருக்கும்.

பர்மிங்காமில் ஒருவன் கத்தினான்:
"கொடி எங்கேடா?"
முன்பெல்லாம் டிரம்ஸுக்குப் பின்னால் தொங்கும்,
சிவப்பில் நீலச் சிலுவை, வெள்ளை நட்சத்திரங்கள்.
எனக்கு அந்தக் கொடியைத் தெரியும்.
அது பறக்கும் ஊரில் என் அப்பா
பெட்ரோல் தீரப்போனாலும் காரை நிறுத்தமாட்டார்.
ராய்ஸ் மைக்கில் நிதானமாகச் சொன்னான்:
"நாய்க்குப் படுக்கை ஆக்கிட்டேன்.
நாயும் செத்துப்போச்சு."
பாதிப்பேர் சிரித்தார்கள்.
முன்வரிசையில் ஏழெட்டு நாற்காலி காலியானது.
டிரம்ஸில் லெமுவல் யாருக்கும் காத்திருக்கவில்லை,
குச்சிகளைத் தட்டி எண்ணத் தொடங்கினான்:
ஒன்று, இரண்டு.
அவன் நெஞ்சுக்குள் தைத்த கருவியும் கூடவே எண்ணியிருக்கும்.
அன்றுதான் முதல்முறை நாலுபேரும்
ஒரே பாட்டில் இருந்தார்கள்.

ஹாட்டீஸ்பர்க்கில் மழை.
சட்டை விற்கும் மேஜையில்
சின்ன அளவுகளை யாரும் தொடவில்லை.
முட்டி வலிக்கு ஸ்டூல் கேட்ட டூவி
கடைசிவரை உட்காராமல்
அதன்மேல் இஞ்சித் தண்ணீரை வைத்துக்கொண்டான்.

ஏழாம் சேனலைச் சொல்லவில்லையே.
ஹாலிஸின் ஆம்ப் அது.
ஹாலிஸ் போய் மூன்று வருடம்.
ஒவ்வோர் ஊரிலும் இறக்குகிறோம், சுவிட்சைப் போடுகிறோம்,
எதிரே மைக் வைக்கிறோம்.
கிட்டார் எதையும் செருகுவதில்லை.
ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.
மூடியே வைத்திருந்தேன்.
அவர்கள் பிரிந்த கதையைத்தான் எல்லாரும் அறிவார்களே:
"நீ சுருதிக்கு மயிரிழை கம்மி" என்றான் ராய்ஸ்,
"நீ மனுஷனுக்கே கம்மி" என்றான் ஹாலிஸ்,
பேருந்து பாதி வழியில் நின்றது.

மேக்கனில், அந்த மெதுவான பாட்டில்,
ஹாலிஸின் கண்ணாடிக் குழாய் கம்பிமேல் வழுக்கும் இடம் வந்தது.
ராய்ஸ் என் பக்கம் திரும்பி
ஏழு விரல் காட்டினான்.
பிறகு கட்டைவிரலை மேலே.
ஏற்றினேன்.
வந்தது வால்வுகளின் ரீங்காரம்,
சுவரிலிருந்து வரும் வெறும் மின்சாரம்.
மயிரிழை கம்மி.
ராய்ஸ் சிரித்ததை நான் பார்த்தேன்.
வாயசைந்தது, மைக்கில் விழவில்லை;
கெட்ட வார்த்தைதான், சந்தேகமில்லை.
பன்னிரண்டு பார், யாரும் எதையும் வாசிக்கவில்லை.
மூவாயிரம் பேர் எதைக் கேட்டார்களோ.
கிழவர்கள் மறந்துவிட்டார்கள் என்றிருப்பார்கள் சிலர்.
பின்வரிசையில் ஒரு பெண்
அந்த ஸ்லைடு வரியை வாயாலேயே பாடினாள்,
அவளும் கம்மி.

மறுநாள் சவானா.
விரலைத் தயாராக வைத்திருந்தேன்.
ராய்ஸ் திரும்பவில்லை.
அந்த இடத்தை டூவியின் பேஸ் கடந்துபோனது, வேகமாக.
ஆட்டம் முடிந்ததும் ஆம்ப்பைச் சுருட்டித் தூக்கினோம்,
நாற்பது கிலோ,
பின்பக்கம் இன்னும் கைசுடும் சூடு.